பம்ப் ஹவுஸ் மரத்துக்கு இரண்டு கையெழுத்து

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. சௌகரியமாக வந்து சேர்ந்தேன். அங்கே நீ, மாப்பிள்ளை, சின்னவள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முட்டி வலிக்கு நான் வாங்கி வைத்துவிட்டு வந்த தைலத்தை அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே, எடுத்துத் தேய்.

குழந்தைகள் வார்டுக்குப் பெரிய சிஸ்டர் என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு என்னை இங்கே தள்ளியிருக்கிறார்கள். முப்பது கட்டில், நாற்பத்தொரு குழந்தைகள். தங்குவதற்கு நர்ஸ்கள் விடுதியில் ஓர் அறை. ஒரு மேஜை, சாத்தினால் தானே திறந்துகொள்ளும் ஓர் அலமாரி. போன் வார்டன் மேஜையில் இருக்கிறது. யார் பேசினாலும் விடுதி முழுக்கக் காது கொடுத்துக் கேட்கும். அதனால் கடிதம்தான். போனில் இலையைக் காட்டவும் முடியாது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நிற்கிறது. எல்லோரும் வேப்பமரம் என்று சொல்லிக்கொண்டு பல வருஷமாக அதன் அடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். வந்த மறுநாளே இலையைப் பறித்துக் காட்டினேன். வேம்பு என்றால் ஒரே காம்பின் இரண்டு பக்கமும் இலை. இதில் காம்பே கிளை விட்டு, அந்தக் கிளையில் இலை. மலைவேம்பு. சமையல்கார அம்மா, “இருக்கட்டும் சிஸ்டர், நிழல் ஒண்ணுதானே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இலையை உள்ளே வைத்திருக்கிறேன்.

நோட்டைப் பத்திரமாக வை. பதினாலு வருஷம் ஞாயிறு தவறாமல் நடந்து நூற்று முப்பத்தாறு மரம் ஏற்றியிருக்கிறோம். நம் சட்டம் நினைவிருக்கட்டும். பூவை இரண்டு பேரும் கண்ணால் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் மரம் நோட்டில் ஏறும். நான் வரும்வரை புதிதாக எதையும் ஏற்றாதே. தனியாக நடக்கப் பிடிக்கவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிரு. ஒரு வருஷம்தானே.

பம்ப் ஹவுஸ் மரத்தை மட்டும் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்துக்கொள். ஒன்பது வருஷமாக நான் அதைப் புங்கம் என்கிறேன், நீ உதட்டைப் பிதுக்குகிறாய். மேலே மின்கம்பி போகிறதென்று வருஷாவருஷம் அதன் தலையை வெட்டிவிடுகிறார்கள், அதனால் அது பூத்ததே இல்லை. அந்தக் காவல்காரரும் நம்மைக் கேட்டுக்குள் விட்டதில்லை. நோட்டில் அதற்கென்று விட்ட பக்கம் காலியாகவே கிடக்கட்டும், வந்து பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் சின்னவளுக்கும் என் அன்பு.

உன் அக்கா

ஜூன் 20

என் அருமை அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? தைலம் தேய்க்கிறேன். சந்தேகமிருந்தால் சின்னவளைக் கேள், வீடே நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிகிறாள்.

பள்ளிக்கூடம் திறந்திருக்கிற நேரம். இருநூறு சீருடை தைக்க வேண்டும். மெஷினை விட்டு நான் எழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் முதுகு எழுந்து வருகிறது. போன ஞாயிறு தனியாக நடந்து பார்த்தேன். தபால் ஆபீஸ் திருப்பம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். எந்த மரத்தைப் பார்த்தாலும் மறுத்துப் பேச ஆளில்லை. நீ அனுப்பிய இலையைப் பார்த்தேன், மலைவேம்பு என்று நம்புகிறேன். ஆனால் நான் பூவைப் பார்க்கவில்லையே, அதனால் நோட்டில் ஏற்றமாட்டேன். சட்டம் உனக்கும் சேர்த்துத்தான்.

பம்ப் ஹவுஸ் பக்கம் மின்கம்பியை எல்லாம் பூமிக்கடியில் இறக்கிவிட்டார்கள். இந்த வருஷம் உன் மரத்தின் தலையில் யாரும் கை வைக்கவில்லை.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உன் மாடி அறையை ஒரு டீச்சருக்கு விட்டிருக்கிறோம். கணக்கு டீச்சர். தனி ஆள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. சும்மா பூட்டிக் கிடக்கிறதே என்று இவர்தான் சொன்னார். உன் சாமான்களை எல்லாம் தையல் அறையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் தங்கை

ஜூலை 30

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியவில்லை. நாற்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பயந்துபோய் இவரை விட்டு டிப்போவிலிருந்து உன் ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னேன். “பெரிய சிஸ்டரா? நல்லாத்தான் இருக்காங்க. சத்தம் இங்க வரைக்கும் கேக்குது” என்றார்களாம். அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மாடி டீச்சர் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும்தான் போகிறோம். அவருக்கு மரத்தின் பெயர்கள் அதிகம் தெரியாது. ஆனால் எண்ணுகிறார். ஒரு காம்பில் எத்தனை இலை, எதிரெதிரே இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சின்ன டைரியில் குறித்துக்கொள்கிறார். நாங்கள் நூலகத்திலிருந்து மரங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்திருக்கிறோம். போன வாரம் நாங்கள் பாலத்துக்குக் கீழே இறங்கிப் போய் ஒரு நீர்மருது பார்த்தோம். நீயும் நானும் அந்தப் பக்கம் போனதே இல்லை.

பெரிய செய்தியைக் கேள். நாங்கள் பம்ப் ஹவுஸுக்குள்ளேயே போய்விட்டோம். காவல்காரர் மகள் டீச்சரிடம்தான் படிக்கிறாளாம். டீச்சரைப் பார்த்ததும் மனிதர் கேட்டைத் திறந்து நாற்காலி எடுத்துப் போட்டார். நீ ஒன்பது வருஷம் கெஞ்சிப் பார்த்த அதே மனிதர். நாங்கள் மரத்தடியில் அரை மணி நேரம் நின்றோம். கம்பி போனதில் மரத்துக்கு உயிர் வந்திருக்கிறது, ஆள் உயரத்துக்குப் புதுக் கிளை விட்டிருக்கிறது.

உன் இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே.

உன் தங்கை

ஆகஸ்ட் 4

தங்கைக்கு,

நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருப்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் விசாரிக்க அவசியமில்லை.

எழுதாததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். டூட்டி. ஊரெல்லாம் காய்ச்சல்.

உன் கடிதத்தில் ‘நாங்கள்’ ஆறு இடத்தில் வருகிறது. ஒன்றுதான் உன் வீட்டுக்காரரையும் மகளையும் சேர்த்தது. மற்ற ஐந்தும் அந்தம்மாவோடு. கணக்கு டீச்சர் மட்டும்தான் எண்ண வேண்டுமா, எனக்கும் எண்ணத் தெரியும். பதினாலு வருஷம் நானும் உன்கூட நடந்திருக்கிறேன். எனக்குக் கான்வாஸ் ஷூ இல்லை. நூலகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, கிள்ளிப் பால் வருகிறதா பார்த்து, பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, அப்படித்தான் உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். இலையை எண்ணி மரம் கண்டுபிடிப்பது, முடியை எண்ணி ஆளைக் கண்டுபிடிக்கிற கதை.

அறையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அறை என்ன என் பெயரிலா இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தெரியும் அந்த மகிழம்பூ மரத்தை அந்தம்மாவுக்குக் காட்டிவிட்டாயா? காட்டாமலா இருப்பாய்.

பாலத்துக்குக் கீழே நாம் போகாததற்குக் காரணம் உன் முட்டி. அந்தப் படியில் இறங்கினால் உனக்கு இரண்டு நாள் வீங்கும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். அது உனக்கு மறந்துபோயிருக்கும்.

சின்னவளுக்கு என் அன்பு.

அக்கா

செப்டம்பர் 21

அக்கா, அக்கா, அக்கா,

முதலில் உன் சுகத்தைக் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டுவாய். நீ சுகமா? நாங்கள் சுகம். (இந்த ‘நாங்கள்’ வீட்டுக்காரரும் மகளும் மட்டும்.)

பம்ப் ஹவுஸ் மரம் பூத்துவிட்டது.

கேட்டை நெருங்கும்போதே வாசனை. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கிளை நுனியெல்லாம் மஞ்சள். இதழ் ஒவ்வொன்றும் கசங்கின துணி போலச் சுருங்கிச் சுருங்கி இருக்கிறது. தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. தேனீ சத்தத்தில் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. ஒன்பது வருஷம் காத்துக் கிடந்துவிட்டு, பூத்த அன்றைக்கு நீ பக்கத்தில் இல்லை.

டீச்சர் புத்தகத்தைப் பார்த்து வேங்கை என்கிறார். இலை மாறி மாறி வருகிறதாம், நுனி லேசாக உள்வாங்கியிருக்கிறதாம். புங்கத்துக்கு எதிரெதிரே வந்து நுனி கூராக இருக்கும், பூவும் வெளிர்நிறம், அது பூக்கிற மாதமும் இது இல்லை என்கிறார். நான் எதற்கும் தலையாட்டவில்லை. எங்கள் நோட்டுக்கு என் அக்கா சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பூவைக் காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். நீ இங்கே வர முடியாததால் இதைப் பார்த்தால் மரத்தில் பார்த்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் எழுது, ஏனென்றால் காரியம் பெரிது. அந்த இடத்தில் இரண்டாவது தண்ணீர்த் தொட்டி கட்டப்போகிறார்கள். இன்ஜினியர் வீட்டுக்கே வந்தார். போன தடவை சாலை அகலப்படுத்தும்போது நம் நோட்டைப் பார்த்துத்தானே கணக்கெடுத்தார்கள், அந்த நம்பிக்கை. சாதாரண மரம் என்றால் வெட்டிவிடுவார்களாம். வேங்கை போலப் பாதுகாக்க வேண்டிய மரம் என்றால் தொட்டியைப் பத்தடி தள்ளிக் கட்டுவார்களாம். அக்டோபர் பதினைந்துக்குள் எழுத்தில் கேட்கிறார்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கிறேன்.

உன் தங்கை

அக்டோபர் 9

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். உன் முட்டி எப்படி இருக்கிறது? தாமதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வார்டில் மூச்சுவிட நேரமில்லை.

நீ அனுப்பிய பூ வந்தது. வழியில் நசுங்கி, காய்ந்து, பழுப்பாகப் போய்விட்டது. நிறம் ஒன்றும் சொல்கிற மாதிரி இல்லை. புங்கம்பூவும் காய்ந்தால் இப்படித்தான் ஆகும். கம்பி போன பிறகு மரம் புதிதாகத் துளிர்த்திருக்கிறது, அப்படித் துளிர்த்தால் காலம் தவறிப் பூப்பதும் உண்டு. எனக்கு இது புங்கமாகத்தான் படுகிறது. ஒன்பது வருஷமாகச் சொன்னதை மாற்ற ஒரு காரணமும் தெரியவில்லை.

நேற்று வந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிச் சொல்வது பெரிதாகத் தெரிந்தால், நோட்டை அந்தம்மாவிடமே கொடுத்துவிடு. நான் திரும்பி வந்து அதைக் கேட்கமாட்டேன். திரும்பி வருவதைப் பற்றியே யோசிக்க வேண்டும். இங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள்.

மாப்பிள்ளைக்கும் சின்னவளுக்கும் அன்பு.

அக்கா

அக்டோபர் 15

அக்காவுக்கு,

சுகம். நேற்று இன்ஜினியரிடம் புங்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். டீச்சர் இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். இரண்டு வருஷம் இருப்பதாக அவர்களிடம் சொல்லிவிடாதே.

தங்கை

அக்டோபர் 21

என் செல்லத் தங்கைக்கு,

அக்காவின் அன்பான விசாரிப்புகள். நீ எப்படி இருக்கிறாய்? முட்டி வலி குறைந்ததா? மாப்பிள்ளைக்கு டிப்போவில் வேலை அதிகமா? சின்னவள் இன்னும் பால் குடிக்கமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாளா? எல்லாவற்றையும் விவரமாக எழுது, நாலு பக்கம் எழுது.

இரண்டு வருஷம் பற்றிக் கவலைப்படாதே, நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஜூனில் வந்துவிடுவேன். இந்த வாரம் மனசு லேசாக இருக்கிறது. வார்டில் எல்லோரும் என்ன சிஸ்டர் சிரிக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். விடுதிக்குப் பின்னால் ஒரு பாதை இருக்கிறது. அதில் நடந்து உனக்காக ஏழு இலை சேகரித்திருக்கிறேன், அனுப்புகிறேன். சின்னவளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கியிருக்கிறேன், கை அளவு எடுத்து எழுது.

டீச்சர் வராவிட்டால் போகட்டும். சிலருக்குப் பொறுமை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நீ தபால் ஆபீஸ் திருப்பம் வரைக்கும் போய் வா, போதும். மற்றதை நான் வந்ததும் சேர்ந்து நடக்கலாம்.

ஆயிரம் முத்தங்களுடன்,

உன் அக்கா

நவம்பர் 30

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். ஸ்வெட்டர் வந்தது. கை சரியாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பம்ப் ஹவுஸ் மரத்தை வெட்டினார்கள். நான் போய் நின்றேன். நான் எழுதிக் கொடுத்ததால்தானே வெட்டுகிறார்கள், நான் நிற்காமல் யார் நிற்பது. ரம்பம் கால்வாசி இறங்கியதும் சிவப்பாக வடியத் தொடங்கியது. ரம்பம் பிடித்தவர் தன் கை அறுந்துவிட்டது என்று அலறி உட்கார்ந்துவிட்டார். காவல்காரர் வாளித் தண்ணீரை ஊற்றி அவர் கையைக் கழுவினார். காயமே இல்லை. எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். பட்டை வழியாக வடிந்து வேர் வரைக்கும் வந்து மண்ணில் தேங்கியது. இன்ஜினியருக்கு ஆள் அனுப்பினார்கள், ஆனால் வெட்டுவதை நிறுத்தவில்லை. அவர் வந்து பார்த்தபோது வெட்டு முக்கால்வாசி உள்ளே போயிருந்தது, இனி நிறுத்தினால் காற்றில் விழுந்து ஆளைக் கொன்றுவிடும், முடித்துவிடுங்கள் என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

டீச்சர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்த மாதமே அவர் ஆபீஸுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார், வந்து ஒருமுறை நேரில் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். பதினாலு வருஷமாக நோட்டு வைத்திருக்கிற அம்மாவே புங்கம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இதைக் காவல்காரர்தான் சொன்னார். என்னைக் கண்டதும் டீச்சர் திரும்பி நடந்துவிட்டார். பேசித் திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை.

காய்ந்த சாற்றில் ஒரு துண்டு இதோடு வைத்திருக்கிறேன். புங்கத்தை வெட்டினால் இப்படிச் சிவப்பாக வடியுமா, அக்கா? எழுது.

தங்கை

டிசம்பர் 6

தங்கைக்கு,

வடியாது. புங்கத்தில் அப்படி எதுவும் வராது. வேங்கைதான்.

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் நேராக எழுதுகிறேன். உன் பூ நசுங்கவில்லை. பழுப்பாகவும் இல்லை. நீ மடித்த காகிதத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பிரித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வார்டில் நேரமில்லை என்று எழுதினேனே, பொய். உன் கடிதம் நாலே நாளில் வந்துவிட்டது. பதினாலு நாள் அந்தப் பூவை மருந்துப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு தினமும் எடுத்துப் பார்த்தேன். நாள் ஆக ஆக அது பழுப்பாகத்தான் ஆனது. ஆன பிறகு, பழுப்பாக வந்தது என்று எழுதினேன்.

எனக்குப் பொறாமை. ஐம்பத்திரண்டு வயதில், நாற்பது குழந்தைகளுக்கு ஊசி போடுகிற பொம்பளைக்குப் பொறாமை. என் அறையில் இன்னொருத்தி தூங்குகிறாள். என் தங்கை இன்னொருத்தியோடு பாலத்தில் இறங்குகிறாள். ஒன்பது வருஷம் என்னை வெளியே நிறுத்திய கேட் அவளுக்கு நாற்காலி போட்டுத் திறக்கிறது. கடைசியில் அந்த மரம் பூக்கிறது, அதுவும் அவள் சொன்னபடி பூக்கிறது, நான் சொன்னபடி இல்லை. அவள் தப்பாகச் சொல்லியிருந்தால் நான் பெரிய மனசு பண்ணி நல்லபடியாக எழுதியிருப்பேன். அவள் சரியாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ அவளைப் பகைத்துக்கொண்டாய் என்று உன் மூன்று வரிக் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கம்பளி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த ஸ்வெட்டரைப் போடச் சொல்லாதே.

நீ அனுப்பிய துண்டு மேஜையில் இருக்கிறது. தினமும் இரத்தம் பார்க்கிறவள் நான். இதைப் பார்க்க முடியவில்லை.

இன்ஜினியருக்கு நான் எழுதட்டுமா? டீச்சருக்கு எழுதட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

அக்கா

ஜனவரி 24

அக்காவுக்கு,

வீட்டில் சுகம். நீ சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும், சாப்பிடு.

ஏழு வாரம் ஆகிவிட்டது. உனக்குத் தண்டனையாக இருக்கட்டும் என்றுதான் முதல் மூன்று வாரம் எழுதவில்லை. மற்ற நாலு வாரம் எப்படி எழுதுவது என்று தெரியாமல் போய்விட்டது.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். உன் கடிதத்தை மாடிக்கு எடுத்துப்போய் டீச்சரிடம் முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினேன். பொறாமை என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவர் பேப்பரை வாங்கி மீதியைத் தானே படித்தார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நீங்க என்கூட நடந்தீங்கன்னா நினைக்கிறீங்க? ஒவ்வொரு மரத்துக்கிட்டயும், அக்கா இருந்தா இப்படிச் சொல்லுவா, அக்கா இருந்தா அப்படிச் சொல்லுவான்னு அவங்ககூடத்தான் நடந்தீங்க. நான் சும்மா பின்னாடி வந்தேன். எனக்கு அந்தம்மா மேல எவ்வளவு எரிச்சல் தெரியுமா?” இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இனி நான் சொல்வதைக் கேள். முழுப் பழியையும் நீ எடுத்துக்கொள்ளாதே. உனக்கு வந்தது காகிதத்தில் மடித்த பூ. எனக்கு மரத்திலேயே பூத்தது. நான் தையல்காரி, அக்கா. துணியின் நிறத்துக்கு நூல் பார்த்தே இருபத்தைந்து வருஷம் போயிருக்கிறது. எனக்கா மஞ்சள் தெரியாது? உன் கடிதத்தைப் படித்ததும் நீ பொய் சொல்கிறாய் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துதான் புங்கம் என்று எழுதினேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது உங்களுக்கே தெரியும், எழுதாதீங்க” என்றார். கையை உதறிவிட்டு எழுதினேன். திரும்பி வருவதைப் பற்றியே யோசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்குப் பயந்து எழுதினேன். நீ வராமல் போய்விடுவாயோ என்று ஒரு மரத்தைக் கொடுத்து உன்னை வாங்கினேன். நீயாவது தூரத்தில் இருந்து செய்தாய். நான் அதன் நிழலில் நின்றுகொண்டு செய்தேன்.

இன்ஜினியரிடம் போய் நானே உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இனி உங்கள் நோட்டை வைத்துக் கணக்கெடுக்கமாட்டோம் என்றார். நியாயம்தான்.

காலிப் பக்கத்தை நிரப்பிவிட்டேன். நூற்று முப்பத்தேழு, வேங்கை, பம்ப் ஹவுஸ், இப்போது இல்லை. கீழே இரண்டு கையெழுத்து, என்னுடையதும் டீச்சருடையதும். பூவை மரத்தில் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். உன் பெயருக்கு அதில் இடமில்லை. கோபத்தில் செய்ததாக நினைக்காதே. சட்டம் நீ போட்டதுதான்.

ஜூனில் நீ வரும்போது மாடி அறை உனக்கு இருக்காது. டீச்சர் காலி செய்கிறேன் என்றார், வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். தையல் அறையில் உனக்குக் கட்டில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேராக நடப்போம். நீ அவரை டீச்சர் என்று கூப்பிட வேண்டும்.

உனக்குச் சம்மதமா என்று எழுது.

உன் தங்கை

பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உடம்பு பரவாயில்லை, இன்றைக்கு இரண்டு வேளை சாப்பிட்டேன்.

சம்மதம். தையல் அறை போதும். மெஷின் சத்தத்தில் எனக்குத் தூக்கம் நன்றாக வரும்.

மனசு மாறிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். அந்த இரண்டு கையெழுத்து என்ற வரிக்கு வந்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது. அவரும் என்மேல் எரிச்சலாக இருந்தார் என்று படித்தபோது மட்டும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் குளிர்ந்தது.

ஜூனில் வயிற்றெரிச்சலோடுதான் வருவேன். அது தெரிந்து நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாதை குறுகலான இடத்தில் நீயும் டீச்சரும் முன்னால் நடங்கள், நான் பின்னால் வருகிறேன்.

மாப்பிள்ளையையும் சின்னவளையும் டீச்சரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா